வாய் திறக்காதவர்கள்

தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
14 மே 2007

டொக்டர் அன்ரோ அவர்களுக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி எதுவும் இல்லை. ஒரு நோயாளிக்காக எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்க இன்னும் மனம் வரவில்லை.

பங்குனியில் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் வவுணதீவுப் பக்கத்துச் சனமெல்லாம் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற என்னையும் கிழமைக்கு ஒருதரம் முகாம்களுக்கு அனுப்புகிறார்கள்.

அங்கே அழகரத்தினம் என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வேளாண்மைக்காரர். பக்கத்துக் கொட்டில் பிள்ளைக்குப் பல்வலி என்று தூக்கிக்கொண்டு வந்தார். அவர் தேத்தண்ணி குடித்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கோப்பையின் விளிம்பு வாய்க்குள் போகவில்லை. சரித்து ஊற்றிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன்.

"இவ்வளவுதான் மிஸ் திறக்கும். இது கன காலமா இப்பிடித்தான்" என்றார்.

என் இரண்டு விரல் உள்ளே போகவில்லை. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தொட்டால் கயிறு ஓடுவதுபோல் இருக்கிறது. இடது கன்னத்தில், பின்பக்கமாக, ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் புண். விளிம்பு தடித்திருக்கிறது. பஞ்சால் ஒற்றினேன், இரத்தம் வந்தது. நோகிறதா என்று கேட்டேன். உறைப்புப் பட்டால் எரியும், மற்றப்படி நோவில்லை என்றார். தாடைக்குக் கீழே ஒரு கட்டியும் தட்டுப்படுகிறது. வட்டைக்குள், வயல் வேலைக்கு, இறங்கினால் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயை விட்டு இறங்காதாம், இளவயதிலிருந்தே.

என் வேலை பிள்ளைகளின் பல்லோடு. இதற்குப் பெயர் சொல்ல எனக்குப் படிப்பில்லை. நீங்கள் இதைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறீர்கள். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

றோஸ்மேரி


பேராதனை
23 மே 2007

றோஸ்மேரி,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அவருக்கு இருப்பது இரண்டு. ஒன்று பழையது. பாக்கு தின்று தின்று வாயின் உட்தோல் நார் பாய்ந்து இறுகிப்போவது. வாய் மெல்ல மெல்லப் பூட்டிக்கொள்ளும். வருடக் கணக்கில் நடப்பது என்பதால் ஆட்கள் அதை வியாதி என்றே எண்ணுவதில்லை. சின்னக் கவளம் பிடித்துச் சாப்பிடப் பழகிவிடுவார்கள். மற்றது, அந்த இறுகிய தோலின் மேல் இப்போது வந்திருக்கும் புண். விளிம்பு தடித்திருப்பதையும் இரத்தம் கசிவதையும்விட, நோவில்லை என்று நீ எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணால் பார்த்து நான் பெயர் சொல்வதில்லை. பார்க்காமலே எப்படிச் சொல்வேன். சதைத் துண்டு வேண்டும். உங்கள் பல் வைத்தியரிடம் சொல், புண்ணின் நடுவில் வெட்ட வேண்டாம், அங்கே செத்த சதைதான் இருக்கும். ஓரத்தில், நல்ல தோலும் சேர்ந்து வரும்படி எடுக்கட்டும். உடனே போர்மலினில் போட வேண்டும். போத்தலில் பெயரை எழுது, மூடியில் எழுதாதே. மூடிகள் மாறிப்போகும்.

தாமதிக்காதே.

உன் கால் எப்படி இருக்கிறது? மாரி காலத்தில் நோகும் என்று சொன்னார்கள்.

அன்ரோ


தாண்டவன்வெளி
18 ஜூன் 2007

டொக்டருக்கு,

போத்தலை அப்துல் கபூரிடம் கொடுத்திருக்கிறேன். ஏறாவூர்க்காரர், கண்டிக்கு மீன் லொறி ஓட்டுகிறவர். தபாலில் போட்டால் எங்கே கிடக்குமோ தெரியாது.

அவர் போன முறை போனபோது நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சோதனைச்சாவடியில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்களாம். ஆஸ்பத்திரிக்கு இரத்தக் குப்பி கொண்டுபோனவரைக்கூட மறித்து வைத்தார்களாம். "மிஸ், இதை என்னெண்டு சொல்ற?" என்று போத்தலைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள், மனிதனின் வாய்ச்சதை என்று சொல்லுங்கள் என்றேன். பிறகு தன் மாற்றுச் சாரத்துணியில் போத்தலைச் சுற்றி, ஆசனத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மீனோடு வைக்கவில்லை.

அழகரத்தினம் இப்போது முகாமில் இல்லை. மீள்குடியேற்றம் என்று பஸ்ஸில் ஏற்றி அந்தக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கூரை இல்லை, மாடுகளில் ஒன்றும் இல்லை. தையல் பிரிக்க வந்தபோது கூடவே மனைவி சீதேவிப்பிள்ளையும் வந்திருந்தார். கணவரை வெளியே இருத்திவிட்டு என்னிடம் தனியே வந்தார்.

"மிஸ், என்ன வந்தாலும் எனக்கிட்டச் சொல்லுங்க. அவருக்கிட்டச் சொல்லிறாதீங்க. பொடியனைக் கொண்டு போனதோட மனுசன் பாதியாப் போயிற்றார். இதையும் கேட்டா எழும்பமாட்டார்."

அவர்களுக்கு ஒரே மகன். நிலோஜன். போன வருடம் கோயில் திருவிழாவில் இருந்து திரும்பும்போது இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வான் வண்டியில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பதினேழு வயது. வன்னிக்குக் கொண்டுபோனதாகக் கேள்வி.

நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கால் நோகிறதுதான்.

றோஸ்மேரி


பேராதனை
9 ஜூலை 2007

றோஸ்மேரி,

புற்றுநோய்தான். அறிக்கையை உங்கள் பல் வைத்தியருக்கு அனுப்பியிருக்கிறேன். உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். தோலின் உயிர்க்கலங்கள் தங்கள் எல்லையில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டன. இறங்கிய இடத்திலும் தோலைப்போலவே இருக்கப் பார்க்கின்றன. வட்டம் வட்டமாகச் சுருண்டு நடுவில் இறுகிக் கிடக்கின்றன. இதை நாங்கள் முத்து என்போம். மாணவர்கள் முதல்முறை பார்க்கும்போது அழகாக இருக்கிறது என்பார்கள்.

இன்னும் வெட்டலாம். கன்னத்தில் ஒரு பகுதியும் தாடையில் ஒரு பகுதியும் கழுத்துக் கட்டியும் போகும். பிறகு கதிர் வைத்தியம். உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, இப்போது வந்தால்.

நீ கொடுத்த வாக்கு பிழை. மன்னித்துக்கொள், அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. "புண்ணுக்கு மருந்து கட்ட வாருங்கள்" என்று ஒரு மனிதனைக் கூட்டிவந்து தாடையை எடுக்க முடியாது. அவர் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கு முதல் அவருக்குத் தெரிய வேண்டும். நோய் அவருடையது. சீதேவிப்பிள்ளையுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை.

அன்ரோ


தாண்டவன்வெளி
5 ஆகஸ்ட் 2007

அன்ரோ,

நோய் அவருடையது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிள்ளை என்னுடையவள் இல்லையா?

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்களே கதவைத் தட்டினீர்கள். 2004 நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லி, வெள்ளம் ரோட்டை மூடிவிட்டது என்று பேராதனையிலேயே நின்றுவிட்டீர்கள். அதைக்கூட நான் பொறுத்தேன். மறுநாள் காலையில் டச்பாரில் இருந்த எங்கள் வீட்டுக்குள் கடல் வந்தபோது என் கையில் இருந்துதான் றொசானி போனாள். அதற்கு நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நான் கால் முறிந்து, நெஞ்சில் சளி கட்டி வார்டில் கிடந்தபோது நீங்கள் வந்து கட்டில் பக்கத்தில் நின்று என்ன சொன்னீர்கள்? "கிடைத்துவிட்டாள். அடக்கம் செய்தாச்சு." அவ்வளவுதான். எங்கே, எப்படி இருந்தாள், எதைப் பார்த்து அவள்தான் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "பார்த்தேன்" என்றீர்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கிழமை கரையில் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் தேடி அலையக்கூடாது என்று ஏதோ ஒரு பிள்ளையை எடுத்துப் புதைத்துவிட்டு வந்தீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பஸ்ஸில் அவள் வயதுப் பிள்ளை ஏறினால் என் கண் அந்தப் பிள்ளையின் முகத்துக்குப் போகிறது. இதோடு நான் நடமாடுகிறேன். நீங்கள் எனக்கு உண்மையைப் பற்றிச் சொல்லித் தருகிறீர்கள்.

சரி. நோயாளியின் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று பல் வைத்தியர் சொன்னார். கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை ஏற்றி அனுப்பிய பிறகு இங்கிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் போகத் துணிவதில்லை. உங்களிடம் அனுப்புகிறேன். கபூர் லொறியில் கூட்டிவருவார். பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணை வடிவாகப் பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வெட்டும் வரை எங்கேயாவது படுக்க இடம் கொடுங்கள். சிங்களம் தெரியாத மனிதர்.

றோஸ்மேரி


பேராதனை
16 செப்டம்பர் 2007

றோஸ்மேரி,

நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு இப்போது என்னால் பதில் எழுத முடியவில்லை. ஏன் என்றும் எழுத முடியவில்லை.

அழகரத்தினம் என் குவாட்டர்ஸிலேயே தங்கியிருந்தார். முன் அறையில் பாய் போட்டுக் கொடுத்தேன். கஞ்சிதான் குடிப்பார். காலையில் எழும்பி வளவு முழுக்கக் கூட்டிவிடுவார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. இங்கே மலையடிவாரத்து வயல்களைப் பார்த்துவிட்டு, "இது வட்டையில்ல ஐயா, படிக்கட்டு" என்றார்.

வந்த மூன்றாம் நாள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவராகவே கேட்டார்.

"ஐயா, இது கான்சர்தானே?"

ஆர் சொன்னது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லல்ல. மிஸ்ஸும் என்ர முகத்தைப் பாக்காமப் பேசினா. மனிசியும் பாக்காமப் பேசினா. அதுக்குப் பிறகு சொல்ல என்ன கிடக்கு?"

ஓம் என்றேன். எங்கே வெட்டுவார்கள் என்று கேட்டார். என் முகத்தில் கோடு போட்டுக் காட்டினேன். கதைக்க ஏலுமா என்று கேட்டார். ஏலும், ஆனால் இப்போது போல் இருக்காது, பழக வேண்டும் என்றேன். கஞ்சியை முடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். "வெட்டுங்க. கடைசி மாரி வேளாண்மையையாவது நிண்டு பாக்கலாம்" என்றார். அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் பொய் எழுதவில்லை.

வார்டில் அனுமதித்து, நாளும் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் நீ என் கந்தோருக்குப் போன் எடுத்து, வன்னியிலிருந்து தப்பி வந்த ஒரு பொடியன் நிலோஜனைக் கண்டானாம், அவனும் வரப்போகிறானாம், அப்பாவிடம் சொல்லச் சொல்லி அம்மா கேட்கிறா என்று கிளார்க்கிடம் சொல்லி வைத்திருக்கிறாய். கிளார்க் வார்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அழகரத்தினம் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். ஒரு கிழமை பொறுங்கள், வெட்டியதும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"மகன் வீட்டு வாசல் படலைக்கு வரக்குள்ள நான் இஞ்ச மயங்கிக் கிடக்கிறதா ஐயா? அவனை மறுகாப் பிடிச்சுக்கொண்டு போனா ஆர் நிக்கிற?"

போய்விட்டார். அந்தச் செய்தியை இரண்டு நாள் வைத்திருந்து சொல்லியிருக்கலாம், றோஸ்மேரி.

அன்ரோ


தாண்டவன்வெளி
30 செப்டம்பர் 2007

வைத்திருந்து சொல்லியிருக்கலாமாம். நோய் அவருடையது, மகன் மட்டும் அவருடையவன் இல்லையா? எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் தீர்மானிப்பீர்களா?

சீதேவிப்பிள்ளை அழுதுகொண்டு வந்தார். மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு தாய் சொல்லும்போது நான் போனைத் தூக்காமல் இருந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். என்னால் ஏலாது. எனக்கு அப்படி ஒரு போன் வந்திருந்தால் எந்தக் கட்டிலில் இருந்தும் எழும்பி ஓடியிருப்பேன்.

பொடியன் இன்னும் வரவில்லை.

றோஸ்மேரி


தாண்டவன்வெளி
11 மார்ச் 2008

அன்ரோவுக்கு,

இவ்வளவு காலம் எழுதவில்லை. இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது.

அழகரத்தினம் வந்திருந்தார். இத்தனை மாதமும் அவர் வவுணதீவை விட்டு அசையவில்லை. நான் இரண்டு தரம் பாலம் கடந்து போய்க் கூப்பிட்டேன். அறுவடை முடியட்டும் என்றார். அறுவடையும் முடிந்தது. மகனைக் கண்டேன் என்று சொன்ன பொடியனும் எங்கே போனானோ, ஊரில் இல்லை.

இப்போது வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. கன்னத்தில் வெளிப்பக்கமாகவே ஓட்டை விழுந்துவிட்டது. குடிக்கிற தண்ணி அதனால் வடிகிறது. கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன், கல்போல் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. மணம் என்பதால் பஸ்ஸில் ஆட்கள் எழும்பிப் போகிறார்கள் என்று அவர் கபூரின் லொறியின் பின்பக்கத்தில் இருந்து வந்தார். கபூர் முன்னுக்கு வரச் சொல்லியும் கேட்கவில்லையாம்.

என்னைக் கண்டதும் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். "மிஸ்ஸுக்கு அலுப்புக் குடுத்திட்டன்" என்றார். எனக்கு அது மட்டும்தான் விளங்கியது.

இனி வெட்டலாமா?

றோஸ்மேரி


பேராதனை
19 மார்ச் 2008

றோஸ்மேரி,

சத்திர வைத்தியரிடம் உன் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். இனி வெட்ட இடமில்லை என்றார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

நோவுக்கு மோர்பின் சிறப் கிடைக்கச் செய்யும்படி உங்கள் வைத்தியருக்குக் கடிதம் வைத்திருக்கிறேன். நோவு வந்த பிறகு கொடுக்க வேண்டாம், வருவதற்கு முதலே நேரத்துக்கு நேரம் கொடுக்கச் சொல். புண்ணை உப்புத் தண்ணியால் கழுவி, மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கித் தூவினால் மணம் குறையும். சீதேவிப்பிள்ளைக்கு நீயே செய்து காட்டு. மணம் குறைந்தால் ஆட்கள் பக்கத்தில் வந்து இருப்பார்கள். அவருக்கு இப்போது அது வேண்டும்.

இதற்கு மேல் என் படிப்பில் ஒன்றும் இல்லை.

அன்ரோ


தாண்டவன்வெளி
24 நவம்பர் 2008

அன்ரோவுக்கு,

அழகரத்தினம் போன வியாழக்கிழமை முடிந்துவிட்டார். கழுத்தில் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. சீதேவிப்பிள்ளை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தாராம். நான் போனபோது வீடு கழுவி முடிந்திருந்தது, முற்றத்து மண்ணில் மட்டும் கறுப்பாகக் கிடந்தது.

கடைசி மாதங்களில் கதைக்கவே இல்லை. சத்தம் வந்தாலும் சொல்லாகவில்லை. ஆனால் படலைச் சத்தம் கேட்டால் தலை திரும்புமாம். கொள்ளி வைக்க மகன் இல்லை. தம்பி மகன் வைத்தான். வெளியே மழை, வட்டை முழுக்க வெள்ளம். விறகு பற்ற நெடுநேரம் எடுத்தது.

நீங்கள் சொன்னதுபோல் தூள் போட்டபிறகு மணம் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இருந்தார்கள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

றோஸ்மேரி


தாண்டவன்வெளி
16 ஆகஸ்ட் 2009

அன்ரோ,

யுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே கொடி கட்டி வெடி கொளுத்தினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

நிலோஜனோடு ஒன்றாகப் பிடிபட்ட கிரான் பொடியன் ஒருவன் வவுனியா முகாமில் இருந்து வெளியே வந்திருக்கிறான். சீதேவிப்பிள்ளை அவனைத் தேடிப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பொடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சித்திரைக் கடைசியில், கடற்கரை ஓரம், ஷெல் விழுந்ததாம். நிலோஜன் பங்கருக்கு வெளியே நின்றானாம். பிறகு இரண்டு மூன்று பேரை ஒரே குழியில் போட்டு மூடினார்களாம். "முகம் பாத்தியா மனே?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டார். மறுபடி கேட்டார். "அவன்தான் மாமி. சட்டை அவன்ட சட்டை" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மிஸ், சட்டையை வைச்சு நான் எப்பிடி நம்புற? சட்டையை ஆரும் மாத்திப் போடுவாங்கதானே. உங்கட பிள்ளையையும் நீங்க காணல்ல. உங்கட ஆள் கண்டு சொன்னாரு, நீங்க நம்பினீங்க. எப்பிடி நம்பின எண்டு எனக்குச் சொல்லித்தாங்க."

நான் நம்பவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனி நான் கோபத்தில் கேட்கவில்லை. அந்த நாள் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நான் தாங்குவேனா என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். எப்படி இருந்தாள் என்பதையும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதைவிட மோசமாக எதுவும் இருக்கப் போவதில்லை.

றோஸ்மேரி


பேராதனை
30 ஆகஸ்ட் 2009

றோஸ்,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

நான் வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. பாதி வழி நடந்து வந்தேன். உன்னை வார்டில் கண்டேன், உனக்குக் காய்ச்சல், என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட மண்டபம், கோயில் வளவு. மூன்று பிள்ளைகளை றொசானியோ என்று காட்டினார்கள். மூன்றும் இல்லை.

வியாழக்கிழமை வாவிப் பக்கம் கண்டல் பற்றைக்குள் இருந்து ஒரு பிள்ளையை எடுத்து வந்து கரையில் கிடத்தியிருந்தார்கள். நான் போனபோது ஏற்கெனவே ஒருவர் அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். நாவலடிப் பக்கத்து மீன்பிடிகாரர். மனைவியும் மற்றப் பிள்ளைகளும் போய்விட்டார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இவள் கடைசி மகளாம். "கிடைச்சிட்டாள், என்ர மகள் கிடைச்சிட்டாள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முகம் இல்லை, றோஸ். கேட்டாய், எழுதுகிறேன். வெயிலும் தண்ணியும் நண்டும். உடுப்பும் இல்லை. அந்த உயரம், அந்தத் தலைமயிர். அவருக்கும் அது போதும், எனக்கும் அது போதும்போல் இருந்தது. நான் திரும்பிப் போயிருக்கலாம். அவருக்காவது ஒரு பிள்ளை கிடைக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

ஆனால் வாயைத் திறந்து பார்த்தேன். அவர் மடியில் வைத்தே. நான் டொக்டர், ஒருதரம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் பிள்ளையின் தலையைப் பிடித்துத் தந்தார். கீழ்த்தாடை, வலது பக்கம், கடைசிப் பால் கடைவாய்ப்பல்லில் வெள்ளி அடைத்திருந்தது. பின்பக்க ஓரம் சற்று உயர்ந்திருந்தது. விரலால் தடவினேன், தட்டுப்பட்டது. கார்த்திகையில் நான் வந்தபோது அவள் ஓடிவந்து "அம்மா போட்டது" என்று வாயைத் திறந்து காட்டினாள். ஓரம் உயர்ந்துவிட்டது, சீவ வேண்டும் என்று நான் குறை சொன்னேன். நீ அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். பத்து வருடமாக மற்றவர்களின் வாய்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு பல்லில் எனக்கு மாறிப்போக வழியில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, என்ர மகள்தானே?"

அவரிடம் இருந்து வாங்கினேன். எப்படி வாங்கினேன், என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. அவர் சண்டை பிடிக்கவில்லை. எழும்பி எங்களோடு வந்தார். எங்கள் பங்குக் கல்லறையில் குழி வெட்டவும் கை கொடுத்தார். மூன்று பிடி மண் நான் போட்டேன், அவரும் போட்டார். முடிந்ததும் வேறு கரைப் பக்கம் நடந்து போய்விட்டார். பெயர்கூட நான் கேட்கவில்லை.

உன்னிடம் வந்து நின்றபோது இதில் எதைச் சொல்வது? பல்லைச் சொன்னால் முகம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாய். முகத்தைச் சொன்னால் அது உன்னோடேயே இருக்கும். அந்த மனிதரைச் சொன்னால் பிடுங்கிக்கொண்டு வந்தவன் ஆவேன். பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்ரோ


தாண்டவன்வெளி
13 செப்டம்பர் 2009

அன்ரோ,

கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் பிரித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

முகத்தை நீங்கள் சொன்னது என்னோடு இருக்கிறதுதான். இருக்கட்டும். பஸ்ஸில் பிள்ளைகள் ஏறும்போது இந்தச் சில நாட்களாக நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. தேடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சீதேவிப்பிள்ளையிடம் போனேன். இம்முறை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், இவ்வளவு காலமும் நான் நம்பவில்லை, இப்போதுதான் நம்புகிறேன், பல்லை வைத்துக் கண்டுபிடித்தார் என்று.

"அவன்ட பல்லை ஆரும் பாத்திருக்கமாட்டாங்க மிஸ்" என்றார். "நல்ல பல்லு அவனுக்கு. பூச்சி அரிச்ச சூத்தைப்பல்லு ஒண்டும் இல்ல. ஒருநாளும் பல்லு நோவெண்டு சொன்னதில்ல."

மகனுக்கு அந்தியேட்டி, செத்தவர்களுக்கான கிரியை, செய்யச் சொல்லிச் சொந்தக்காரர் கேட்கிறார்களாம். செய்யமாட்டாராம். பொட்டை அழித்தது புருசனுக்கு, மகனுக்கு ஏன் செய்ய வேண்டும் என்கிறார்.

கல்லறைக்கும் போனேன். முதல் முறை. புல் முளைத்துக் கிடக்கிறது, துப்புரவாக்க ஆள் வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு வாருங்கள், இருவருமாகச் செய்யலாம். ரோட்டில் இப்போது முன்னைப்போல் மறிப்பதில்லை. நீங்கள் வந்தால் நான் பழையபடி ஆகிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். அது என்னால் முடியுமா என்று தெரியவில்லை. அந்த மீன்பிடிகாரரைத் தேட வேண்டும் என்றும் நினைக்கிறேன். கிடைத்தால் என்ன சொல்வது என்று தெரியாது.

ஓரம் உயர்ந்திருந்தது உண்மைதான். அன்றைக்கு நீங்கள் குறை சொன்னபோது நான் கோபப்பட்டேனே தவிர, ஏன் அப்படி ஆனது என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளைப் பல் பார்க்கும் கதிரையில் ஏற்றி அடைத்துக்கொண்டிருந்தேன். அசையாதே என்றால் கேட்கவில்லை, நாக்கை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வாய்க்குள் என் விரலை வைத்துக்கொண்டே ஏதோ கேட்கப் பார்த்தாள். என்ன என்று விரலை எடுத்தேன். "அம்மா, மீனுக்கும் பல்லில சூத்தை வருமா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மறுபடி சீவப் போனபோது வெள்ளி இறுகிவிட்டது.

றோஸ்மேரி